நம்பர் வராத வண்டி

இந்தத் தடவை ஊருக்குப் போயிருந்தபோது, தினமும் காலையில் போய் என் காரைப் பார்த்துவிட்டு வருவது எனக்கு ஒரு வேலையாகிப் போனது. ஓட்ட அல்ல, பார்க்க மட்டும். விழுப்புரம் சாலையில் ஒரு ஷோரூம். அதன் பின்பக்கத் தகரக் கொட்டகையில், மூக்கில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு அது நின்றிருந்தது. பணம் கட்டியாகிவிட்டது, ரசீது என் பையில் இருந்தது. சாவியைக்கூட ஒரு நாள் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்கள். நம்பர் பிளேட் மாட்டாத வண்டியை கேட்டுக்கு வெளியே விடக் கூடாது, அதுதான் சட்டம். அதனால் ஆஸ்பத்திரியில் சேர்த்த சொந்தக்காரரைப் பார்க்கப் போவது போல நான் போவேன். காவலாளி, "வந்துட்டீங்களா சார்" என்று சலித்துக்கொண்டே கொட்டகையைத் திறந்துவிடுவார். ஸ்டியரிங் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். சீட்டின் பிளாஸ்டிக் உறை சரசரக்கும். இத்தனை வருடம் பிரான்சில் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டிய பழக்கத்தில், கை கியரை வலது பக்கம் தேடிக் கதவில் போய் முட்டும். பிறகு இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, பஸ் பிடித்து வீடு திரும்புவேன்.

கார் எனக்காக இல்லை, அக்காவுக்காக. ஜைத்தூன் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். புதுச்சேரி முல்லா வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்த மையம் அப்படியொன்றும் தூரம் இல்லை, ஆனால் நடுவில் எத்தனை வேகத்தடை, எத்தனை பள்ளம் என்பதை ஆட்டோவில் போகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். போகும்போது பரவாயில்லை. நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிவிட்டுத் திரும்பும்போது, பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பாள். ஆட்டோ ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். "சுத்தம் பண்ண ரத்தம் வூடு வந்து சேர்றதுக்குள்ள திரும்பவும் கலங்கிடுதுடா" என்பாள். போனில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். நேரில் ஒரு தடவை அவளோடு ஆட்டோவில் போய்ப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை. அவள் மகள் நஸ்ரினுக்குக் கார் ஓட்டத் தெரியும். மாப்பிள்ளை துபாயில் இருப்பதால் அவளும் அம்மாவோடுதான் இருக்கிறாள். ஆகவே ஒரு கார் வாங்கிக் கொடுத்து, நான் கிளம்புவதற்கு முன் ஒரு தடவையாவது அக்காவை அதில் நானே உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். இந்த வக்கான்ஸில் எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. வக்கான்ஸ் என்பது விடுமுறை. எங்கள் ஊரில் வெளிநாட்டுக்கே போகாதவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

பிரான்சில் எல்லோருக்கும் ஆகஸ்டில்தான் லீவு. நம்மூரில் அது ஆடி. ஆடியில் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள், ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டு இருப்பார்கள், கூட்டம் இல்லாமல் சட்டென்று வேலை முடியும் என்று கணக்குப் போட்டேன். ஆடித் தள்ளுபடியும் கொடுத்தார்கள். என்னைக் கவனித்துக்கொண்டவர் புவனா என்கிற பெண். வீராம்பட்டினத்துக்காரர். அப்பா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு வைத்திருக்கிறார் என்றும், கடலில் எத்தனை நாள் ஆனாலும் காத்திருப்பார், ஆபீஸ் வாசலில் அரை மணி நேரம் நிற்க மாட்டார் என்றும் சொன்னார். நானும் அந்த ஜாதிதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் நம்பர் வந்துவிடும் என்றார். நம்பினேன். பிறகு போன் வந்தது.

"சார், அப்ளிகேஷன் திரும்பி வந்துருச்சி. ஓனர் பேரு காதர் மொய்தீன்னு இருக்கு. அப்பா பேரும் காதர் மொய்தீன்னு இருக்கு. எப்டி சார் ரெண்டும் ஒண்ணா இருக்கும்?"

"அது எங்க அத்தா பேரும்மா. என் பேரு ஷாகுல் ஹமீது."

"பாஸ்போர்ட்ல மொதல்ல காதர் மொய்தீன்னு தானே சார் போட்டிருக்கு? அதத்தான் டைப் பண்ணோம்."

"அது குடும்பப் பேரு."

"அப்பா பேரு எப்டி சார் குடும்பப் பேராவும்?" என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு ஆயுள் போதாது. அவர்கள் மேல் தப்பில்லை, யார் பார்த்தாலும் சந்தேகம்தான் வரும். என் பழைய டிரைவிங் லைசென்ஸில் நான் கா. ஷாகுல் ஹமீது. பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் காதர் மொய்தீன் என்கிற குடும்பத்தைச் சேர்ந்த ஷாகுல் ஹமீது. ஒரே முகம், ஒரே மச்சம், இரண்டு ஆள்.

கல்யாணம் பண்ணிக்கொண்டு பிரான்சுக்குப் போனவன் நான். மனைவி வீட்டார் தலைமுறையாக பிரெஞ்சுக் குடிமக்கள், நான் அவர்கள் வீட்டு மாப்பிள்ளையாக விமானம் ஏறினேன். அங்கே போய்ச் சேர்ந்த மறுவருடம் ஒரு பழைய ரெண்டாங்கை வண்டி வாங்கினேன். கார்த் கிரீஸ், அதாவது வண்டியின் பதிவு அட்டை, என் பெயருக்கு மாற வேண்டும். இப்போது அதெல்லாம் இணையத்தில், அதுவும் தன் பங்குக்குத் தொங்கும். அப்போது ப்ரெபெக்த்யூர் என்ற அரசாங்க அலுவலகத்துக்கு விடியும் முன் போய் வரிசையில் நிற்க வேண்டும். குளிரில் நின்று, சீட்டு வாங்கி, உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு பெண்மணி, "மெசியே காதர் மொய்தீன்" என்று கூப்பிட்டார். எனக்குத் திக்கென்றது. அத்தா அதற்கு முந்தின வருடம்தான் மவுத்தாகி மண்ணுக்குள் போயிருந்தார். புதுச்சேரியைத் தாண்டினால் விழுப்புரம், மிஞ்சினால் நாகூர், அவ்வளவுதான் அவர் போன தூரம். அவரை இந்தப் பெண் எதற்குக் கூப்பிடுகிறாள் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவையும் கூப்பிட்டாள். அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். சாயங்காலம் போய் விசாரித்தபோது, "உங்களைத்தான் கூப்பிட்டேனே, வரவில்லையே" என்றாள். "அது என் அப்பா" என்றேன். "உங்கள் அப்பாவும் வந்திருக்கிறாரா?" என்று அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மறுநாள் திரும்பவும் விடியும் முன் போய் நின்றேன். அன்றிலிருந்து அங்கே நான் அத்தா பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறேன். வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில், பல் டாக்டர் வீட்டில், தபால்காரர் வாயில், எங்கும் அவர்தான். ஊரில் அவர் ஒற்றை எழுத்தாக என் பெயருக்கு முன்னால் நிற்கிறார். அங்கே அவர் முழுசாக இருக்கிறார், நான்தான் பின்னால் எங்கோ இருக்கிறேன்.

இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து எழுதி வாங்கினேன். அது போதாது என்று இன்னொரு தாள் கேட்டார்கள். அதை வாங்கினால் முகவரிக்குச் சான்று கேட்டார்கள். பிறந்து வளர்ந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு நான் இங்கே வசிக்கிறேன் என்று நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் என்னிடம் இல்லை. கரண்ட் பில் அக்கா பெயரில், வீட்டு வரி அக்கா பெயரில், கேஸ் சிலிண்டர் அக்கா பெயரில். "நீங்க எங்க சார் இருக்கீங்க?" என்று புவனா கேட்டார். பாவம், அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் விடுமுறைகள். சுதந்திர தினம். அதற்கு மறுநாள் எங்கள் ஊருக்கு மட்டும் இன்னொரு விடுமுறை உண்டு, பிரெஞ்சுக்காரர்கள் ஊரைச் சட்டப்படி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்த நாள். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். ஊர் கைமாறியது ஒரு வருடம், பத்திரம் கைமாறியது பல வருடம் கழித்து. இடையில் ஊர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பேர் மட்டும் மாறவில்லை. ஒரு ஊருக்கே அந்தக் கதி என்றால் என் வண்டி எந்த மூலைக்கு என்று, மூடிக் கிடந்த ஷோரூம் வாசலில் நின்று நினைத்துக்கொண்டேன். பிறகு வீராம்பட்டினத்தில் அம்மன் தேர். அதற்கும் விடுமுறை. புவனா அன்றைக்கு மஞ்சள் புடவையில் தேர் முன்னால் நிற்கும் படத்தைப் போனில் ஸ்டேட்டஸாக வைத்திருந்தார். தேர் நகர்ந்துவிட்டது, என் கார் நகரவில்லை.

தேர் முடிந்து வந்த புவனாதான் அந்த யோசனையைச் சொன்னார். "சார், ஒண்ணு சொல்றன், கோச்சுக்காதீங்க. உங்க அக்கா பேருல போட்டுருங்க. ஆதார், வீடு, எல்லாம் இங்கியே இருக்கு. ஒரு கேள்வி வராது." இதை நான் முதல் நாளே யோசிக்காமல் இல்லை. நஸ்ரின் பெயரில் போடலாம் என்றால் அவள் கடலூரில் கட்டிக்கொடுத்த பெண், அட்டை எல்லாம் அந்த முகவரியில், அது வேறு மாநிலம். அக்காதான் சரி. ஆனால் அக்கா முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், "துட்டு போட்டவன் பேருல இருக்கட்டும்." திரும்பவும் கேட்டேன்.

"எம் பேருல வேணாம் தம்பி."

"ஏன்க்கா?"

அவள் மாடிப்படிக்குக் கீழே கையைக் காட்டினாள். அங்கே காசிம் மச்சானின் ஸ்கூட்டர் நிற்கிறது. மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், போய் வருடங்கள் ஆகின்றன. அந்த ஸ்கூட்டரை விற்கலாம் என்று அக்கா அலைந்தாள். வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு வேறொரு சான்றிதழ், அதில் மச்சான் பெயர் ஒரு மாதிரி, இதில் ஒரு மாதிரி. உடம்பு முடியாமல் போனதும் விட்டுவிட்டாள். இன்றைக்கும் அதன் இன்சூரன்ஸுக்கு மச்சான் பெயரில் ஞாபகப்படுத்திக் குறுஞ்செய்தி வருகிறது. அதன் மேல் நஸ்ரின் குழந்தையின் துணியைக் காயப்போடுகிறார்கள், பூனை படுக்கிறது. "அவுரு போயிட்டாரு, அது போவல," என்றாள் அக்கா. "நான் போனா இந்தக் காரும் அங்கதான் நிக்கும். நஸ்ரின் கையில ஒரு தொல்லையக் குடுத்துட்டுப் போவணுமா நானு?"

நஸ்ரின் சமையலறையிலிருந்து, "அப்டிலாம் பேசாதம்மா" என்றாள். நானும் அதையேதான் சொன்னேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வதும் அதுதான். பேச்சு அதோடு நின்றது, காரும் நின்றது, என் லீவு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டு இருந்தது.

நான் கிளம்ப இன்னும் சில நாட்களே இருந்தபோது ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அக்காவுக்கு டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் ஒரு ஆட்டோ இல்லை. போனில் கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரத்துச் செய்கிறார்கள். நஸ்ரின் குடையை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினாள். அக்காவும் நானும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இடது கையில்தான் அவளுக்கு ஊசி ஏற்றுவார்கள், அந்தக் கையைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கட்டுக்கு மேல் லேசாக ரத்தம் கசிந்திருந்தது. நர்ஸ் வந்து பார்த்து, வேறு பஞ்சு வைத்து அழுத்திவிட்டுப் போனாள். அக்கா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். புத்தம் புதுக் கார் ஒன்று ரிப்பன் கட்டிக்கொண்டு கொட்டகையில் நிற்க, இவள் மழைச்சாரலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்கா, உம் பேருல போட்டுடலாம்."

"திரும்பவும் ஆரம்பிக்காத."

"ஏன் இப்டிப் பிடிவாதம் புடிக்கிற?"

"நீ இங்க இருக்கிற ஆளு இல்ல. நானும் ரொம்ப நாளைக்கு இருக்கிற ஆளு இல்ல," கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அந்த வண்டிக்குன்னு ஊர்ல ஒரு ஆளு வேணுமேடா."

வழக்கம் போல அப்படியெல்லாம் பேசாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அலைந்து அலைந்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. "சரிக்கா," என்றேன். "நீ போனப்புறம் நான் வந்து அலையறேன். வாரிசு சர்டிபிகேட்டு, நோட்டரி, ஆபீஸ், எல்லாத்துக்கும் நானே வர்றேன். நஸ்ரின் தலையில கட்ட மாட்டேன். இப்ப நீ கையெழுத்தப் போடு."

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் பயந்துபோனேன், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று. அவள் மெல்லச் சிரித்தாள்.

"இத்தினி நாளா ஒருத்தரும் இதச் சொல்லலடா. எல்லாரும் உனக்கு ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுங்கறாங்க. எனக்கு ஆவுறது எனக்குத் தெரியாதா?" சாரல் படாமல் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள், "அடக்கத்துக்கு நீ வந்து சேர மாட்ட தம்பி. லுஹர்ல போனா அசருக்குள்ள எடுத்துருவாங்க. உனக்காக யாரும் காத்துக்கினு இருக்க மாட்டாங்க. அந்த ஆபீஸ்தான் காத்துக்கினு இருக்கும். பேர் மாத்தவாவது வா."

மதியத் தொழுகை நேரத்தில் உயிர் போனால் மாலைத் தொழுகைக்குள் மண்ணுக்குள் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். இதைப் படிக்கும், வெளிநாட்டில் பிழைக்கப் போன முஸ்லிம்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்மில் எத்தனை பேர் அப்பன் ஆத்தாளின் அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறோம்? அத்தா போனபோது நான் டிக்கெட் தேடிக்கொண்டு இருந்தேன். டிக்கெட் கிடைத்த நேரத்தில் வீட்டில் எல்லோரும் கபரஸ்தானிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டு இருந்தார்கள். மச்சான் போன சேதியை வேலை இடைவேளையில்தான் போனில் பார்த்தேன், அப்போதே எல்லாம் முடிந்திருந்தது. தாமதம் தாமதம் என்று அந்த மாதம் முழுவதும் நான் எல்லோரையும் கரித்துக்கொட்டியிருக்கிறேன். எனக்காகக் காத்திருக்கப் போவது அந்தத் தாமதம் ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்க, அக்கா சொல்ல வேண்டியிருந்தது. அழுதேன். மழை பெய்துகொண்டு இருந்ததால் முகத்தைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. நஸ்ரின் ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் புவனா வீட்டுக்கே தாள்களை எடுத்துக்கொண்டு வந்தார். "இங்க ஒண்ணும்மா, இங்க ஒண்ணு" என்று அவர் காட்ட, அக்கா வலது கையால் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக. ஒரு கேள்வியும் வரவில்லைதான். ஆனால் அதற்குள் ஆவணி பிறந்துவிட்டது. ஆடி முழுவதும் பொறுத்துக்கொண்டு இருந்த ஊர் மொத்தமும் வண்டி எடுக்க வந்து நின்றது. "லைன்ல இருக்கு சார்" என்றார் புவனா. கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்ட என் புத்தியை என்ன சொல்ல?

கிளம்பும் நாளும் வந்தது. வாடகைக் காரில் சென்னைக்குப் போகும் முன் ஷோரூமுக்கு ஒரு தடவை விடச் சொன்னேன். கொட்டகையில் போய் அதன் கூரையைத் தொட்டுவிட்டு வந்தேன். ஓட்டவே ஓட்டாத காரிடம் சொல்லிக்கொண்டு போகிறவனைக் காவலாளி என்ன நினைத்தாரோ. "நல்லபடியாப் போய்ட்டு வாங்க சார்" என்றார்.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் புவனாவிடமிருந்து படம் வந்தது. நம்பர் பிளேட் மாட்டிய கார், பக்கத்தில் நஸ்ரின், முன் சீட்டில் அக்கா. ரிப்பனை அவள் கழுத்தில் மாலை போலப் போட்டிருந்தார்கள். பதிவு அட்டை வந்ததும் அக்காவே கூப்பிட்டாள். "இதுல போட்டிருக்கு, பதினஞ்சு வருஷத்துக்குச் செல்லுமாம்," என்றாள். "அத்தன வருஷம் நான் இன்னாடா பண்ணுவேன்?"

"என்னைப் பாத்துக்க" என்றேன். அவள் சிரித்த சத்தத்தில் இருமலும் சேர்ந்து வந்தது.

இப்போது இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அக்காவின் டயாலிசிஸ் நாட்களில், அவள் அங்கே வெயிலில் கிளம்பும் நேரத்தில் நான் இங்கே இருட்டில் வேலைக்குப் போய்க்கொண்டு இருப்பேன். காரில் ஏறியதும் அவள் கூப்பிடுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் ஓட்டுகிறோம், அதாவது நஸ்ரின் அங்கே, நான் இங்கே. முதல் நாள் பேச்சுக்கு நடுவில் விடாமல் ஒரு சத்தம் கேட்டது. டிங், டிங், டிங் என்று. என்ன அது என்றேன். "பெல்ட் போடலன்னு கத்துதுடா," என்றாள். கை மேல் எதுவும் அழுத்தக் கூடாது என்பதால் அவள் பெல்ட் போடுவதில்லை. பின் சீட்டில் உட்காரச் சொன்னால் வாந்தி வருகிறது என்பாள். "மாமா, சும்மா வுடுங்க," என்றாள் நஸ்ரின். "சீட்ல ஆள் இருந்தாத்தான் அது கத்தும்."

அதற்குப் பிறகு பெல்ட்டைப் பற்றி நான் பேசுவதில்லை. அக்கா சில நாள் பேசுவாள், சில நாள் பேசத் தெம்பில்லாமல் சும்மா சாய்ந்திருப்பாள். அந்தச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். சிக்னலில் நிற்கும்போது, கண்ணாடிக்கு வெளியே விடியாத தெருவைப் பார்த்தபடி அதைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். ஒவ்வொரு தடவையும் என் கை என்னையறியாமல் போய் என் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கிறது. அது எப்போதும் போட்டுத்தான் இருக்கிறது.